மனோரமாவின் அறைக்கு இன்னொரு ரவுட்டர்

இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மீஞ்சூர் சந்தைக்குப் போய், விற்றுத் தீர்த்துத் திரும்பிய கால் மனோரமாவுடையது. அப்பேர்ப்பட்டவளை, புருஷன் தாமோதரன் போன அன்றைக்குப் பின்னறை மூலையில் உட்கார வைத்தார்கள். கருமாதிவரை முன்பக்கம் வரக்கூடாது, ஊர் வழக்கம்.

கருமாதியும் வந்துவிட்டது. சாயங்காலம் ஏரிக்கரையில் தாலியை வாங்கிவிடுவார்கள். ஒரே மகள் பூவிழி துபாயில் நிறைமாதம். விமானத்தில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள்.

"பூவும் பொட்டுமா ஒன் மூஞ்சிய ஒரு தபா பாத்துக்கறேம்மா" என்று போனில் அழுதாள். பேச்சாவது விட்டுவிட்டுக் கேட்டது, படம் வரவில்லை. டவர் சரியாக எட்டாத ஊர். வைஃபை பெட்டியோ முன்கூடத்தில், இரண்டு சுவர் தாண்டி.

மனோரமாவின் அண்ணன் மகன் ரஞ்சித் தன் வீட்டிலிருந்து இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து அவள் பக்கத்திலேயே வைத்தான். செல்போனில் கோடெல்லாம் நிறைந்தது. படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாடா, வெறும் பெட்டியக் கொண்டாந்து வெச்சிருக்கியா?"

"பெட்டி நல்லாத்தான் கீது அத்தே. முன்னாடி கீற பெட்டியிலேர்ந்து இதுக்கு ஒண்ணும் வந்து சேரல. பாதி வழியில வெச்சாத்தான் அத வாங்கி இங்க அனுப்பும்."

பாதி வழி என்றால் இடைகழி. அங்கிருந்த ஒரே பிளக்கில் தாமோதரன் படத்துக்குப் போட்ட சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரஞ்சித் கை வைத்ததும் தாமோதரனின் தங்கை லோகாம்பாள் பாய்ந்தாள்.

"காரியம் முடியாம எங்கண்ணன் வெளக்க அணைப்பியா? புள்ளத்தாச்சிப் பொண்ணு இதெல்லாம் பாக்கலாமா அண்ணி?"

"இருட்டுலியே ஏரியில வல போட்ட மனுசன். கொஞ்ச நேரம் இருட்டுல இருந்தா கோச்சிக்க மாட்டாரு" என்றாள் மனோரமா. "பெத்தவ நான் சொல்றேன். புடுங்குடா."

விளக்கு அணைந்தது. ரவுட்டரில் பச்சை எரிந்தது. சற்றுப் பொறுத்து, வீங்கிய கண்களோடு பூவிழி தெரிந்தாள்.

தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக இருந்த தாயை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா, பொட்டு சின்னதா கீது. பெருசா வெச்சிக்கோயேன்" என்றாள்.

ஒரு காலத்தில் 'இன்னாம்மா, எட்டணா கணக்கா' என்று கேலி செய்து அந்தப் பொட்டைக் குறைக்க வைத்தவளே அவள்தான். மனோரமா குங்குமத்தைத் தொட்டு, நிதானமாக வட்டத்தைப் பெரிதாக்கினாள்.

"போதுமாடி?"

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி தொட்டாள். அதற்குள் அழைத்துப்போகப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"போன வெச்சிடும்மா" என்றாள் மனோரமா. "வயித்துல புள்ள கீது, அழுவாத."

பூவிழி வைக்கவில்லை. மனோரமாவுக்கும் அணைக்கக் கை வரவில்லை. செல்போனை அப்படியே ரஞ்சித்திடம் கொடுத்துவிட்டு, பெண்களோடு ஏரிக்கரைக்கு நடந்தாள்.