எழுதக் கூடாத பக்கம்

மருத்துவமனைகளில் கட்டிலின் தலைமாட்டில் இருக்குமே நாடித் திரை, அதற்குள் மற்ற நிரல்களையெல்லாம் இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலை எழுதுவதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. நினைவகத்தில் கெர்னலின் கட்டளைகள் இருக்கும் பக்கங்களைப் படிக்கலாம், இயக்கலாம், எழுத மட்டும் முடியாது என்று அடைத்து வைத்தவள் அவள். தப்பித்தவறி எந்த நிரலாவது அங்கே கைவைத்தால் திரை அபாய மணியடித்துவிட்டுத் தானாகவே புதிதாகக் கிளம்பும்.

மேலாளர் அவளுடைய அக்காவின் கணவர். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார்.

"வெளிக் கம்பெனியோட கண்காணிப்பு நிரல் கெர்னல்ல நாலு வரி மாத்தணுமாம். பக்கத்தைக் கொஞ்சம் திறந்து விடு."

"திறந்தா மாத்தின கையோட மூடணும் சார். அவங்க நிரல் மூடாது. நான் படிச்சுப் பார்த்துட்டேன்."

"எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டைதானா உனக்கு?"

அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தாள். அத்தானும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர். அவளுக்குத் தெரியாமல், அந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று தானே அனுமதியை மாற்றினார்; பக்கம் திறந்தே கிடந்தது.

சில வாரங்களில் ஒரு நர்ஸ் போன் செய்தார். "வயரைக் கழட்டிக் கையில வச்சிருக்கேம்மா. திரையில பழைய நாடிக் கணக்கு அப்படியே மாறாம நிக்குது. நான் பேஷண்ட் முகத்தைப் பார்த்ததால சரியாப் போச்சு. திரையை நம்பியிருந்தா?"

நோயாளி பிழைத்துக்கொண்டார். காரணத்தைத் தேடிப் பிடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேறொரு நிரல் தவறிப்போய் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. பக்கம் திறந்திருந்ததால் மணி அடிக்கவில்லை. திறந்தவர் இடத்தில் அத்தான் பெயர் பதிவாகியிருந்தது. திரையைப் புதுப்பிக்கும் கட்டளைகள் சத்தமில்லாமல் கெட்டுப்போயின.

கூட்டத்தில் அத்தான் கூசாமல் சொன்னார்: "கெர்னல் முழுக்க இவங்க பொறுப்பு."

அவள் எழுந்துவிட்டாள். "மூடினது நான். திறந்தது நீங்க. வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே சார்!"

"வீட்டுல பேசிக்கலாம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது வீட்டு விஷயமா? அந்தக் கட்டில்ல படுத்திருந்தவர் யார் வீட்டு ஆளு?"

அன்று மாலையே அக்கா வந்து நின்றாள். "அவரை எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டியாமே?"

"கேட்டேன். என் மேல பழி போட்டாருக்கா."

"திறந்தது அவர்தானா?"

"ஆமா."

 அக்கா அங்கிருந்தே கணவருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு நீங்களே போய் உண்மையைச் சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

அவரே சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கண்காணிப்பு நிரலைத் தூக்கியாயிற்று. திரை ஓடத் தொடங்கிய பிறகு யாராலும், தன்னாலும்கூட, அந்த அனுமதியை மாற்ற முடியாதபடி அவள் செய்து அனுப்பினாள்.

இந்த மாற்றம் பற்றி மருத்துவமனைகளுக்குப் போகவிருந்த அறிவிப்பில் 'சிறு மேம்பாடு' என்று இருந்தது. நேராக இயக்குநர் அறைக்குள் போனாள். "சிறு மேம்பாடா? திரை பொய் காட்டுச்சுன்னு எழுதுங்க சார்!" முனகிக்கொண்டே மாற்றினார்கள்.

அத்தானைக் கண்டால் இன்றைக்கும் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.