பன்னிரண்டு ஒன்றுகள்

கம்ப்யூட்டரில் தானாகவே எண் விழுகிற வரிசையைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஒரு தலைமடைக்காரராகத்தான் இருக்க வேண்டும். டைப் அடித்தே பிழைப்பு நடத்துகிறவள் சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மேலே புதிதாக ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் போதும், கீழே இருக்கிறவர்கள் முணுமுணுக்காமல் ஆளுக்கு ஓர் இடம் இறங்கிக்கொள்வார்கள். ஐந்து ஆறாகும், ஆறு ஏழாகும். யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வாய்க்காலில் தண்ணீர் முதலில் நுழைகிற இடம் தலைமடை. எல்லாரும் பாய்ச்சிக்கொண்டது போக மிச்சம் மீதி வந்து சேர்கிற இடம் கடைமடை. நான் வாழ்க்கைப்பட்டது கடைமடையில். வேலை பார்ப்பது கீழ்வேளூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில். பட்டா மாற்ற விண்ணப்பமா, கல்யாணப் பத்திரிகையா, காதுகுத்து பேனரா, எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். எங்கள் வாய்க்கால் விவசாயிகள் சங்கத்தின் மாதாந்திர மனுவும் அப்படித்தான்.

மாதம் ஒரு முறை விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். அதற்கு எங்கள் சங்கம் கோரிக்கைகளை எண் போட்டு ஒரு மனுவாகக் கொடுக்கும். கோரிக்கைகளின் வரிசையை நான் தீர்மானிக்க முடியாது, சங்கமும் தீர்மானிப்பதில்லை, தண்ணீர்தான் தீர்மானிக்கும். எங்கள் வாய்க்காலில் எல்லாமே தண்ணீர் வருகிற வரிசைதான். கோயிலில் கஞ்சி ஊற்றினால்கூடத் தலைமடையில்தான் ஆரம்பிப்பார்கள். கடைமடைக்கு வரும்போது கஞ்சி வடிதண்ணீராக இருக்கும்.

சங்கச் செயலாளர் தலைமடையில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவர். சட்டைப்பையில் மூன்று பேனா செருகியிருப்பார், கையெழுத்துப் போட மட்டும் என் பேனாவைக் கேட்பார். அவருடைய கோரிக்கை எப்போதும் முதல் எண். அந்த மாதங்களில் அது படித்துறை. படித்துறையில் இரண்டு படி பெயர்ந்துவிட்டதாம், குளிக்கிறவர்களுக்குச் சிரமமாம்.

எங்கள் கோரிக்கை கடைசி எண். கடைமடை மதகின் இரும்புப் பலகை ஏறக்குறைய முழுக்க இறங்கிய நிலையில் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. வாய்க்காலில் வருகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் மதகில் முட்டிக்கொண்டு, பக்கத்து வடிகாலில் வழிந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மதகுக்கு இந்தப் பக்கம் என் நாத்தனாரின் நாற்றங்கால். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், குத்தகைக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், பயிர் வைக்கிறவர். நாற்று மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்து, காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் சுமந்து தெளித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்று போனால் அவருக்கு அந்த வருஷமே போனது மாதிரி.

"நம்ம மதகு எத்தனாவது நம்பர்?" என்று ஒரு நாள் கடைக்கு வந்து கேட்டார்.

"பன்னெண்டு, அண்ணி."

"போன மாசம் பதினொண்ணுன்னியே?"

"நடுவுல ஒருத்தர் களத்துக்கு சிமெண்டுத் தளம் கேட்டாரு. அவருதைச் சொருகுனதும் நம்முளுது தானா இறங்கிடுச்சு."

"தானாவா? அந்தப் பொட்டிக்குக்கூட நம்மளக் கண்டா எளக்காரமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கூட்டத்தில் அதிகாரி நான்கு, ஐந்து கோரிக்கை வரைக்கும்தான் படிப்பார். அதற்குள் அடுத்த சங்கத்துக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பதில் கடிதமும், 'கோரிக்கை எண் ஒன்று முதல் ஐந்து வரை பரிசீலனையில் உள்ளது' என்றுதான் வரும். ஆறிலிருந்து கீழே இருப்பவர்கள் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி.

முதலில் நான் செய்தது ஒரு சின்னக் குறும்பு. எண்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். புள்ளிக்கு முன்னால் எல்லாரும் சமம்தானே. கூடவே ஒவ்வொன்றின் கீழும் 'இடம்' என்று புள்ளியில்லாமல் ஒரு வரி சேர்த்து, சர்வே நம்பரையும் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. நானே அச்சடித்து நானே ரசித்தேன்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? நம்பர் எங்க?"

"இப்பல்லாம் புள்ளிதாங்க வைக்கிறாங்க. பெரிய ஆபீசுலல்லாம் இதான்."

"புள்ளி வச்சா கோலம் போடலாம், மனு குடுக்க முடியுமா? நம்பரைப் போடு. சாயங்காலம் எல்லாரும் கையெழுத்துப் போட வர்றாங்க."

அவர் படியிறங்கிப் போனார். பிறகு வந்த ஆத்திரத்தில், ஒவ்வொரு கோரிக்கையாகப் போய் எண் பொத்தானை டக்கு டக்கென்று அமுக்கிக்கொண்டே இறங்கினேன். அச்சில் எடுத்துப் பார்த்தால் படித்துறைக்கு ஒன்று. கரையில் சாய்ந்த பனைக்கும் ஒன்று. சிமெண்டுத் தளத்துக்கும் ஒன்று. நான் இடையில் சேர்த்த 'இடம்' வரிகள் வரிசையை வெட்டிவிட்டதால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோரிக்கையையும் புதுசு என்று நினைத்து மறுபடி மறுபடி முதலிலிருந்து எண்ணியிருக்கிறது. பன்னிரண்டு கோரிக்கை, பன்னிரண்டு ஒன்று. கடைசியில் எங்கள் மதகு, அதுவும் ஒன்று.

முந்தைய எண்ணிலிருந்து தொடரச் சொல்லி வலது பக்கச் சொடுக்கில் ஒரு வசதி இருக்கிறது. அரை நிமிட வேலை. மவுஸில் கை வைத்தேன். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது பார்த்துச் சொன்னால் உடனே திருத்திவிடலாம் என்றுதான் தாளை மேசையில் வைத்தேன். ஆனால் எங்கள் வாய்க்கால்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயலுக்குப் போனால் தன் வரப்பை மட்டும் பார்ப்பார்கள், மனுவில் தன் கோரிக்கையை மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் விரலை ஓட்டித் தன்னுடைய வரியைக் கண்டுபிடித்தார், முன்னால் ஒன்று என்று இருப்பதைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் புன்னகைத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். சிமெண்டுத் தளக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "நீ நல்லா இருப்பம்மா" என்று வாழ்த்திவிட்டு வேறு போனார். அன்றைக்கு எனக்கு ஒரு டீயும் இரண்டு வாழைப்பழமும் கிடைத்தன. செயலாளர் தன் படித்துறைக்கு முன்னால் ஒன்று இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, கோப்பில் வைத்து எடுத்துப் போய்விட்டார். என் பேனாவையும்தான்.

எண்ணை அப்படிப் போட்டது கம்ப்யூட்டர். வாயை மூடிக்கொண்டு இருந்தது நான்.

கூட்டத்தன்று காலையிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். மனுவே சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டால்? இன்னும் ஒரு மாதம் அந்த நாற்று தாங்காது. குடம் சுமந்து சுமந்து நாத்தனாரின் இடுப்பு காய்த்துப்போயிருந்தது. என் விளையாட்டுக்கு அவருடைய நாற்றா பலி என்று நினைத்தபோது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. அன்று அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரை மாப்பிள்ளை இடத்தில் போட்டு வசவும் வாங்கினேன்.

சங்கத்துக்காரர்களோடு வேனில் போயிருந்த நாத்தனார் மத்தியானமே கடைக்கு வந்துவிட்டார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அதிகாரி படித்துறையைப் படித்தாராம். அடுத்ததைப் படித்தாராம். மூன்றாவதிலும் ஒன்று என்று வந்ததும் நிறுத்திவிட்டு, "என்னங்க, எல்லாமே ஒண்ணுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாராம். செயலாளர் எட்டித் தாளை வாங்கி, அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக மனுவைக் கடைசி வரை பார்த்திருக்கிறார். "இதுல எது நிசமான ஒண்ணு?" என்று அதிகாரி கேட்டதும், "நம்மளுதுங்க" என்று பத்துப் பதினோரு குரல் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறது. சிமெண்டுத் தளமும் சாய்ந்த பனையும் அங்கேயே கை நீட்டிப் பேச ஆரம்பித்துவிட்டனவாம்.

"நீங்க என்ன அண்ணி பண்ணுனீங்க?"

"நான் எந்திரிச்சேன். 'ஐயா, எல்லாம் ஒண்ணுதான்னா, இந்த ஒரு தடவை கீழேருந்து படிங்களேன்'னேன்."

அதிகாரி சிரித்துவிட்டு, தாளை வாங்கிக் கீழேயிருந்து படித்திருக்கிறார். பக்கத்தில் இருந்த இன்ஜினியரிடம், மதகுப் பலகை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறார். ஒரு நாள் என்று பதில் வந்தது. அப்புறம் ஏன் இத்தனை மாதமாகச் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "மனுவுல இது வரைக்கும் நாம படிச்சு வந்ததே இல்லைங்க" என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரத்திலேயே ஆள் வந்து, துருவை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டார்கள். மூன்றாம் நாள் நாற்றங்காலில் தண்ணீர் ஏறியது. நாத்தனார் குடத்தை வரப்பில் கவிழ்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

அடுத்த மாதம் செயலாளர் வந்தார். நான் நாலு வசவுக்குத் தயாராகத்தான் இருந்தேன். நாத்தனாரும் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்து, கனைத்து, என் பேனாவை மேசையில் வைத்தார்.

"நீ பண்ணுன கூத்துல சங்கத்தோட மானமே போச்சு, தெரியுமா?"

"கம்ப்யூட்டர் பண்ணுனதுங்க."

"சரி, சரி. இந்த மாசம் ஒழுங்கா நம்பர் போட்டுடு." குரலை இறக்கினார். "நம்ம படித்துறையைக் கடைசியில போட்டுடு."

காலையிலிருந்து மூன்று பேர் இதே கோரிக்கையோடு போனில் கூப்பிட்டிருந்தார்கள், இவர் நான்காவது ஆள். அதை நான் சொல்வதற்குள் நாத்தனார் ஸ்டூலிலிருந்து திரும்பினார்.

"அது எப்படிண்ணே? கடைசி எடம் எங்களுதுல்ல. பரம்பரையா வச்சிருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். பிறகு அவர் நாத்தனார் பக்கம் திரும்பி, "ஒரு மாசத்துக்கு மட்டும் விட்டுக் குடு, தாயி" என்றார். எங்கள் இடத்தை ஒருத்தர் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.