பொப் ஓவியரும் என் கணவரின் முன்பல்லும்

நான் சுவிஸில், லுட்சேர்ன் நகரத்தில் ஒரு கலைக்கூடத்தில் காவல் நிற்கிறேன். காவல் என்றால் துவக்குப் பிடிப்பதில்லை. படங்களைத் தொடக் கை நீட்டுகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் வேலை. பக்கத்து ஊரான எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை முதுகைப் பதம் பார்த்த பிறகு இது கிடைத்தது. நிற்பதாலும் முதுகு வலிக்கிறது, ஆனால் இங்கே சத்தமில்லை.

அப்போது ஒரு புகழ்பெற்ற பொப் கலை ஓவியரின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வழிகாட்டிப் பெண் நாள் தவறாமல் சொல்லிச் சொல்லி, அவருடைய வாழ்க்கை என் சொந்தக்காரர்களின் வாழ்க்கையை விட எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. கடைகளுக்கு விளம்பரம் வரைந்தவர். பிறகு சலவைத்தூள் பெட்டியை வரைந்து, இதுவும் கலைதான் என்றார். ஆட்களை வைத்து அச்சடித்தார். பெரிய மண்டபத்துச் சுவர் முழுக்க ஒரு ஷாம்பூ விளம்பரப் பெண்ணின் முகம், திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் மரத்துப் போகும், அதைத்தான் அவர் காட்டினார் என்பாள் வழிகாட்டி. எனக்கு முதலில் கால்தான் மரத்தது.

அந்தக் கண்காட்சி முடியும் முன் என் கணவர் இறந்துபோனார். சூக் நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையல்காரராக இருந்தார். வேலைக்குப் போகும் ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஈழத்தமிழர் நாங்கள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். இறந்தவரின் வாழ்க்கை, தேவாரம், நன்றியுரை எல்லாம் இருக்கும். வாங்கியவர் அதை வாசிப்பதுமில்லை, எறிவதுமில்லை. அட்டையில் செத்தவரின் முகம் இருக்க, எப்படிக் குப்பையில் போடுவது? அலுமாரிக்குள் காலத்துக்கும் கிடக்கும். ஆகவே அட்டையில் எந்த முகம் போகிறதோ, ஊருக்கு அந்த முகம்தான் மிச்சம்.

அட்டைப் பொறுப்பை என் கணவரின் தம்பி எடுத்துக்கொண்டார். அண்ணனின் வதிவிட விசா அட்டையில் இருந்த படத்தை அச்சகத்துப் பெடியனிடம் கொடுத்துவிட்டு, அவன் செய்து அனுப்பியதை எனக்குக் காட்டினார். நீலக் கோட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டி, பின்னால் நீர்வீழ்ச்சி. முகத்தை வெளுக்க வைத்திருந்தான், வாய் இறுக மூடியிருந்தது. நீர்வீழ்ச்சி பார்க்கப் போய், நனையும் என்று காரைவிட்டு இறங்காத மனிதர் அவர்.

"வடிவாத்தானே இருக்கிறார், அண்ணி?"

"வடிவாத்தான் இருக்கிறார். ஆர் இவர்?"

நான் அலுமாரியைத் திறந்து, அதுவரை சேர்ந்திருந்த கல்வெட்டுகளை எடுத்துக் கம்பளத்தில் வரிசையாகப் பரப்பினேன். ஆண்கள் எல்லோருக்கும் அதே நீலக் கோட்டு, அதே கழுத்துப்பட்டி, அதே நீர்வீழ்ச்சி. தலை மட்டும் மாறியிருந்தது. ஒருவருக்குத் தலை பெரிதாகிக் கழுத்தே இல்லாமல் போயிருந்தது. கலைக்கூடத்தில் முகம் ஒன்று, நிறம் வேறு. எங்களிடம் உடம்பு ஒன்று, தலை வேறு. வேலைப் பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். என் வீட்டில் சோறு தின்ற மனிதர்கள் அவர்கள். யார் எவர் என்று தெரியவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இவரும் அந்த வரிசையில் போய்ப் படுத்தால் நானே தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

என்னிடம் வேறு ஒரு படம் இருந்தது. உணவகத்துக் குசினியில் கூட வேலை செய்தவர் எடுத்தது. ஏப்ரனோடு நின்று, வாய் நிறையச் சிரிக்கிறார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீக்கல், சின்ன இடைவெளி, பளிச்சென்று தெரியும். இதுதான் அட்டைக்கு என்றேன்.

"செத்தவீட்டுப் புத்தகத்தில பல்லுத் தெரியச் சிரிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். ஆரின்ர கல்வெட்டெண்டு தெரிஞ்சுகொண்டு கதைக்கட்டும்."

மூன்று நாள் கொழுந்தனார் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு படத்தை அனுப்பிவிட்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் பெட்டிகள் வந்தன. ஏப்ரன் இருந்தது. குசினி இருந்தது. சிரிப்பும் இருந்தது. நீக்கலைத்தான் காணவில்லை. பல் வைத்தியரின் விளம்பரம் மாதிரி ஒரே சீரான வரிசை. அச்சகத்துக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அக்கா, நான்தான் அடைச்சு விட்டனான். போன மனிசனுக்கு ஒரு குறை தெரியக்கூடாதெல்லோ. நீங்கள் கேக்காட்டிலும் செய்யத்தானே வேணும்."

நல்ல மனதோடு செய்தவனை எப்படித் திட்டுவது? நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். திரும்ப அச்சடிக்க நேரமில்லை. மெல்லிய முனையுள்ள கறுப்புப் பேனை ஒன்றை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்தேன். அட்டை அட்டையாக நடுவில் கோடு போட்டுப் பல்லைத் திறக்கத் தொடங்கினேன்.

பெட்டிகளை மண்டபத்துக்கு ஏற்ற வந்த கொழுந்தனார் வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணி, உங்களுக்கு விசரே?"

"ஓம். மற்றப் பேனை மேசை லாச்சிக்குள்ள கிடக்கு."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குக் கோடு மெல்லிசாக வந்தது, அவருக்குத் தடிப்பாக வந்தது. ஒன்றில் கை வழுக்கி ஒரு பல்லே இல்லாமல் போயிற்று. ஒன்றைப் போல் ஒன்று இல்லை, ஆனால் எல்லாம் அவர்தான். பாதிப் பெட்டியில் கொழுந்தனாரின் கை நின்றது.

"இந்த நீக்கலை அடைக்கச் சொல்லி அண்ணையிட்ட எத்தினை தரம் சொன்னனான். அடைச்சா விசிலடிக்க ஏலாதெண்டு சொன்னவர்."

சொல்லி முடிக்க முன் அவருடைய தோள் குலுங்கியது. கண்ணீர் நேரே அட்டைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. நான் அட்டையை இழுத்தெடுத்தேன்.

"மை இன்னும் காயேல்லை, தம்பி. அங்கால திரும்பி அழுங்கோ."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேனையை மூடி, என் அட்டையையும் நனையாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பினேன்.