மூன்று பேருக்கும் ஒரே முடிவு

வெளிநாட்டில் குடியேற நாங்கள் போட்ட விண்ணப்பத்தில் முதன்மை விண்ணப்பதாரி நான்தான். வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது என் வேலை. ஆள் தேவைப்படுகிற தொழில்கள் என்று நாங்கள் போக விரும்பிய நாடு அறிவித்திருந்தவற்றில் அதுவும் ஒன்று. கணவர் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஒரு கொம்பனியில் கிளார்க். அவருடைய வேலையை எந்த நாடும் கேட்கவில்லை. "உன்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு வாறதுதான் என்ர தகுதி" என்று பகிடி விடுவார். அப்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் தெருவில் வரிசையாக நின்ற வருடம் அது. ஆய்வுகூடத்தில் பரிசோதனைக்கான மருந்துகள் தட்டுப்பாடாயின. ஒவ்வொருவராக இராஜினாமா கொடுத்தார்கள். சாப்பாட்டு அறையில் பிரியாவிடைக் கேக் வெட்டாத வாரம் இல்லை.

ஆனால் நாங்கள் போக நினைத்தது அந்த வரிசைகளுக்காக அல்ல. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஓட்டிசம். சொற்கள் வாயில் வரும், ஆனால் யாரையும் நோக்கி வராது. பஸ்ஸில் கேட்டதை, தொலைக்காட்சியில் கேட்டதை, அப்படியே திருப்பிச் சொல்வாள். பசித்தால் என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப்போவாள். அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவந்த பெண் ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "அக்கா, எனக்கு விசா வந்திட்டுது" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குப் பதிலாக இன்னொருவரைத் தேடிக் கொழும்பு முழுக்க அலைந்தோம். இருந்த ஒருவரிடமும் இடமில்லை. அன்றைக்குத்தான் நான் கணவரிடம் சொன்னேன்: "இவளுக்குத் தேவையானதெல்லாம் இந்த நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கு. நாங்களும் போவம்."

காலி வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த விசா முகவரைப் பிடித்தோம். ஆங்கிலப் பரீட்சை எழுதினேன். என் படிப்பையும் அனுபவத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு படியும் தாண்டும்போது கணவர் கொட்டாஞ்சேனையிலிருந்த தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்வார். மச்சாள் உடனே கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார். கடைசியாக மருத்துவப் பரிசோதனைதான் மிச்சம் என்றபோது முகவர் சொன்னார்: "மிஸ், பிள்ளையைப் பற்றிக் கேட்டா, பேச்சு கொஞ்சம் லேட் எண்டு மட்டும் சொல்லுங்கோ. கூடக் கதைக்க வேண்டாம்."

நான் கூடுதலாகவே கதைத்தேன், ஓட்டிசம் என்றே சொன்னேன். நோயின் பெயரை மறைத்துவிட்டுப் போய் அந்த நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இவளுக்கு உதவி கேட்பது? உண்மையைச் சொன்னால் உதவுவார்கள் என்றுகூட நினைத்தேன். அப்படித்தான் நம்பினேன்.

எங்கள் இருவரின் நெஞ்சுப் படமும் இரத்தமும் சரி என்று வந்தன. மகளை மட்டும் மறுபடி கூட்டிவரச் சொன்னார்கள். அவளால் எவ்வளவு தனியாகச் செய்ய முடியும், எவ்வளவு விளங்குகிறது என்று ஒரு நிபுணர் பார்த்து எழுதவேண்டுமாம்.

அதற்கிடையில் சில வாரங்கள் இருந்தன. வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல், அவளைக் கதிரையில் இருத்துவேன். "உன்ர பேர் என்ன?" என்று கேட்பேன். அவள் விசிறியைப் பார்ப்பாள். நாடியைப் பிடித்து என் பக்கம் திருப்புவேன். "உன்ர பேர் என்ன? சொல்லு." பிறகு நானே பதிலைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைப்பேன். பிஸ்கட் காட்டுவேன். பிஸ்கட்டை ஒளிப்பேன். எங்கள் தொடர்மாடி வீட்டுக்குப் பின்னால் கடற்கரை ரயில் போகும். சத்தம் கேட்டவுடன் அவள் எழும்பி ஜன்னலுக்கு ஓடப் பார்ப்பாள். தோளை அமத்தி மறுபடி இருத்துவேன். கணவர் வாசலில் நின்று, "விடப்பா, பிள்ளை களைச்சுப் போனா" என்பார். "அப்ப நீங்க வந்து சொல்லிக்குடுங்கோ" என்று கத்துவேன். அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார்.

இரண்டு மூன்று தடவை அவள் தன் பெயரைச் சொன்னாள். கேட்டவுடன், தெளிவாக. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன்.

பரிசோதனை செய்த டொக்டர் நல்ல மனிதர். சிங்களவர், வயதானவர். மேசைக்கு முன்னால் வந்து, அவளுடைய உயரத்துக்குக் குனிந்து, "துவே, நம மொகத?" என்று பெயரைக் கேட்டார். மகள் அவருடைய கைக்கடிகாரத்தைத் தொட்டாள். அவர் என்னைப் பார்த்து, "உங்கள் பாஷையில் கேட்டுப்பாருங்கள்" என்றார், ஆங்கிலத்தில்.

"உன்ர பேர் என்னம்மா?" என்றேன், மெல்ல.

அவள் உடனே வாயைத் திறந்தாள். "உன்ர பேர் என்ன? சொல்லு. சொல்லடி. இஞ்ச பார். சொல்லடி எண்டு சொல்லுறனெல்லே."

என் குரல்தான் அது. ஏற்ற இறக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அந்தக் கடைசிச் சொல், எல்லாம் அச்சொட்டாக. திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய முகத்தில் கோபமே இல்லை. பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தாள். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டருக்குத் தமிழ் விளங்கியிருக்காது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்த் தன் கதிரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. மகளின் சிகிச்சைக்கும் படிப்புக்கும் அந்த நாடு செய்யவேண்டிவரும் செலவு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல். குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் எல்லோருக்கும் அதே முடிவுதான். மறுப்புத் தெரிவிக்க விரும்பினால் தெரிவிக்கலாம். யாருக்காகப் போக நினைத்தோமோ அவளைக் காட்டியே கதவைச் சாத்தினார்கள். அதை வாசித்த இடம் ஆய்வுகூடம். பரிசோதிக்க வேண்டிய குழாய்கள் முன்னால் இருந்தன. அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

முகவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வழி இருக்கு மிஸ். டிவோர்ஸ் எடுங்கோ. பேப்பரில மட்டுந்தான். பிள்ளையின்ர பொறுப்பு அப்பாவுக்கு எண்டு கோட்ஸில எழுதினா, பிள்ளை உங்கட விண்ணப்பத்துக்குள்ள வராது. நீங்கள் முதல்ல போங்கோ. மற்றதுகள் பிறகு பாப்பம்."

இதைக் கேட்டவுடன் எழும்பிப் போயிருப்போம் என்று நினைப்பீர்கள். நாங்கள் எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தோம். கொட்டாஞ்சேனை மச்சாள் பஸ் ஏறி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, நீ போ. பிள்ளையை நான் பாக்கிறன். எனக்கென்ன, புருசனா பிள்ளையா" என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. பிள்ளைக்காகப் போவதற்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது என்ற கணக்கை மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தபடி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மகள் மச்சாளின் சீலைக் கரையை விரலில் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வக்கீலிடமும் போனோம். சும்மா பிரிய முடியாது, ஒரு காரணம் வேண்டும், யாராவது ஒருவர் மேல் பிழை இருக்கவேண்டும் என்றார் அவர். "யார் யாரை விட்டுப் போனது? வேற தொடர்பு ஏதும்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். கணவர் தொண்டையைச் செருமிவிட்டு, "நான் அடிக்கிறனான் எண்டு எழுதுங்கோ சேர்" என்றார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் மேல் கை ஓங்காத மனிதர். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது அழுகையாகி, அந்தச் சின்ன அறையில் நிறுத்த முடியாமல் அழுதேன். வக்கீல் அதைச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டார் போல, தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு, "எப்ப இருந்து அடிக்கிறவர்?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை சேர்" என்றேன். "இவர் அடிக்கிறேல்லை. எங்களுக்கு இது வேண்டாம்."

வெளியே வந்து வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம். "நீ ஓம் எண்டிருந்தா நான் கையெழுத்து வைச்சிருப்பன்" என்றார் அவர். கோபத்திலா, கவலையிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நாட்டின் முடிவை எதிர்த்து மறுப்புக் கடிதம் எழுதினோம். அவளால் செய்ய முடிந்தவற்றையெல்லாம் எழுதினேன்: தானே குளிப்பாள், புதிர்த் துண்டுகளைப் படம் பாராமல் பொருத்துவாள், ஒருவரையும் நோகச் செய்யமாட்டாள். என் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும்படி முகம் தெரியாத ஒருவரிடம் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. பல மாதம் கழித்து நிராகரிப்பு வந்தது. அதில் மூன்று பேரின் பெயர்களும் இருந்தன.

அடுத்த வருடம் என்னை ஆய்வுகூடத்தின் பொறுப்பாளராக்கினார்கள். எனக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள்.

போன மாதம், அந்த நாட்டிலிருந்து பழைய சிநேகிதி ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். "எடி, இஞ்ச அந்தச் சட்டத்தை இப்ப மாத்திப்போட்டாங்கள். உங்கட பிள்ளை மாதிரிப் பிள்ளையள் உள்ள குடும்பங்களுக்குக் குடுக்கிறாங்கள். திரும்பப் போடன்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோசம்.

விண்ணப்பிக்கக்கூடிய வயதெல்லையை நான் போன பிறந்தநாளோடு தாண்டிவிட்டேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. "ஓம், பாப்பம்" என்றேன்.

"ஆரது?" என்று கணவர் உள்ளேயிருந்து கேட்டார்.

"சும்மா சுகம் விசாரிச்சவ" என்றேன்.