சிவப்பு அட்டையின் பின்பக்கம்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு முன்னால் யாரும் இங்கிலீஷ் இலக்கணம் படித்ததில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. மூலையோடு மூலை சேராத விரிப்பு ஒன்றுகூட அவள் கையை விட்டுப் போனது கிடையாது. அவளுடைய அண்ணன் அங்கேயே மெக்கானிக். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள், இங்கிலீஷில் பரீட்சை உண்டு என்று தெரிந்ததும் இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது அவன்தான்.

"நம்ம வீட்ல ஒருத்தியாவது உக்காந்து வேலை பாக்கட்டும்" என்றான்.

புத்தகம் முதல் பாடத்திலேயே முரண்டு பிடித்தது. வார்த்தைகளில் எட்டு வகையாம். நவுன், வெர்ப் என்று எத்தனை உருப்போட்டாலும் மறுநாள் துடைத்துவிட்டாற்போல் போய்விடும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வகைக்கு ஒரு நிறத்தில் அட்டை, பின்பக்கம் வார்த்தை. போகும்போதும் வரும்போதும் நிறத்தைப் பார்த்து வகையைச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். கூடைக்கும் மேஜைக்கும் மஞ்சள், நவுன். சுடுதண்ணீர்க் குழாயில் பச்சை அட்டை, 'ஹாட்', அட்ஜெக்டிவ். செய்கிற வேலையெல்லாம் வெர்ப் என்றது புத்தகம். அங்கே ஓயாமல் வேலை செய்பவை மெஷின்கள்.

நூல் கோத்த சிவப்பு அட்டைகள் அண்ணனின் பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "வேணுங்கறத எடுத்துக்கோ" என்றான்.

அந்த அட்டைக்கு அதுவரை ஒரே அர்த்தம்தான் இருந்தது. பெரிய மெஷினின் டிரம்முக்குள் ஆள் தவழ்ந்து போகலாம். அடைத்துக்கொள்ளும் நூலையும் பஞ்சையும் எடுக்க அண்ணன் வாரந்தோறும் உள்ளே போவான். போகும் முன் சுவிட்சில் சிவப்பு அட்டையை மாட்டுவான். அதில் எழுத்து கிடையாது, நிறமே போதும். பழைய மெஷின், பூட்டுப் போட வழியில்லை. உள்ளே இருப்பவன் உயிருக்கும் வெளியே நிற்பவர் விரலுக்கும் நடுவில் அந்த அட்டை மட்டுமே.

அவள் அதே சுவிட்சில் தன் வெர்ப் அட்டையை மாட்டிய முதல் நாள், மெஷின் ஓட்டுபவர் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் மாமா.

"அது பாடம் மாமா. திருப்பிப் பாருங்க."

திருப்பினார். 'ஸ்பின்'.

"சரிதான். இனிமே சம்பளத்தோட பள்ளிக்கூடமும் உண்டா?" என்றாள் இஸ்திரி போடும் அக்கா. கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் டீச்சரம்மா.

நாளடைவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அட்டையைத் திருப்புவார்கள், அவளிடம் அன்றைய வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார்கள், அட்டையைத் தள்ளிவிட்டு சுவிட்சை அழுத்துவார்கள். யார் கையும் இப்போது பின்வாங்குவதில்லை. அது அவள் கண்ணில் பட்டது, மனதில் தைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், அவள் 'அண்ட், பட், ஆர்' என்று முணுமுணுத்தபடி மடித்துக்கொண்டிருந்தாள். டீ குடித்துவிட்டு வந்த மாமா அட்டையைத் திருப்பினார்.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்கு லீவா? வெறும் அட்டையா இருக்கு."

"எழுத மறந்திருப்பேன் மாமா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எழுதாமல் ஓர் அட்டையையும் அவள் மாட்டியதில்லை. டிரம்மின் வாயருகே அண்ணனுடைய செருப்புகள் ஜோடியாக இருந்தன. மாமா அட்டையைத் தள்ளிவிட்டிருந்தார்.

அடுக்கியிருந்த விரிப்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவரும் செருப்பைப் பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"யாரு அங்க? அந்த டார்ச்ச கொஞ்சம் குடு" என்றது டிரம்முக்குள்ளிருந்து அண்ணன் குரல்.

அன்றைக்கே அவள் சிவப்பு அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிக் கிழித்துப் போட்டாள். அடுத்த வாரம் அண்ணன் உள்ளே போனான். சுவிட்சில் அவனுடைய அட்டை மட்டும் தொங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போன இஸ்திரி அக்கா, வேறெங்கோ பார்த்தபடி அதைத் திருப்பினாள், வெறுமையாக இருக்கவே விட்டுவிட்டுப் போனாள். தான் திருப்பியதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

அதிலிருந்து அண்ணன் உள்ளே போனால், சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து ஸ்டூலில் உட்கார்ந்துதான் இவள் படித்தாள்.

பரீட்சை நாளும் டிரம் சுத்தம் செய்யும் நாளும் ஒன்றாக வந்தன.

"நாளைக்கு வெச்சுக்கக் கூடாதாண்ணே?"

"இன்னைக்கே தண்ணி இறங்க மாட்டேங்குது. அதான் அட்டை மாட்டுறேன்ல? நீ போய் நல்லா எழுதிட்டு வா."

அவன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். அவள் தலையாட்டிவிட்டு, போகிற வழியில் மின்பலகையைத் திறந்து அந்த மெஷினின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முதல் கேள்வியே எட்டு வகையைப் பற்றித்தான். மளமளவென்று எழுதினாள். வெர்ப் வந்தபோது பேனா நின்றது. காலடியில் இருந்த பையைக் காலால் தொட்டுப் பார்த்தாள். கட்டை கனமாகத் தட்டுப்பட்டது. கூடத்தில் மாற்றுக் கட்டை ஏதும் உண்டா என்று அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை.