ராணுவம் என்னை அனுப்பிய காரணம்

இரண்டாயிரமாவது ஆண்டு கழிந்த சில வருடங்களில் நான் துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் தரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தேன். மலையிலிருந்து கல்லும் மண்ணும் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே விடுவது என் வேலை. டியூட்டி முழுக்க நின்றபடிதான். மத்தியானத்துக்குள் இடது முழங்கால் கனக்க ஆரம்பித்துவிடும். பிறகு எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடுவது என்ற கணக்கிலேயே மிச்சப் பொழுது போகும்.

சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சூப்பர்வைசர் என்றால் உட்காரலாம். நானும் ராணுவத்திலிருந்து வந்தவன்தானே என்று என் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். செக்யூரிட்டிக்கு மேலாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற வடநாட்டு ராணுவ அதிகாரி. அவருடைய அறையில் என்னோடு ஒரு நேபாளியும் ஒரு பஞ்சாபியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"யே க்யா ஹை, பாய்?" என்று, இது என்ன என்பதை இந்தியில் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைச் சத்தமாகவே படித்தார். திறமையான படைவீரனாக ஆவதற்கு வாய்ப்பில்லாதவர் என்பதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அதுதான் வரி. நேபாளி தன் ஷூவைப் பார்த்தான். பஞ்சாபி என்னைப் பார்த்தான்.

"பயிற்சியில் அடிபட்டது, சாப்," என்றேன் இந்தியில்.

"அடிபட்டிருந்தால் அடிபட்டது என்று எழுதியிருப்பார்களே. இதில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையே." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். குரலில் இளக்காரம் எதுவும் இல்லை. "ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுது. திருத்திக் கொண்டு வா. காயத்தால் வந்தவன் என்று இருந்தால் நான் உன்னை எடுத்துக்கொள்வேன்."

அந்த வேலை பஞ்சாபிக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வரியை ஒருவர் வாய்விட்டுப் படித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார்கள். நானும் பத்தொன்பது வயதில் ஆள்சேர்ப்பில் ஓடி, தேறி, பயிற்சி மையத்துக்குப் போனேன். நன்றாகவே செய்துகொண்டிருந்தேன். ஒரு மழைக்காலக் காலையில் தடை ஓட்டம். முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி, எதிரே நனைந்த உயரச் சுவர். எனக்கு முன்னால் ஏறியவன் சுவர்மேல் உட்கார்ந்து கை நீட்டினான். அதைப் பிடித்து ஏறி, அந்தப் பக்கம் குதிக்கும்போது கால் சேற்றில் வழுக்கி முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. நூல் அறுந்த மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது.

உஸ்தாத் என்று நாங்கள் கூப்பிடும் பயிற்சியாளர் ஓடிவந்து பார்த்தார். மருந்தைப் பீய்ச்சி, துணியைச் சுற்றி, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். உடல்தகுதிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காயம் என்று எழுதினால் விசாரணை, விளக்கம் என்று அவருக்கு ஆயிரம் தொல்லை. அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அந்த வயதில் எனக்குத் தெரியாது. வீங்கிய காலோடு சில வாரம் ஓடி, கடைசியில் ஓட்டத்தின் நடுவே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்கால் வலி என்று மட்டும் எழுதினார்கள். வலி எப்படி வந்தது என்று எங்கேயும் இல்லை. அதன் பிறகு வைத்த இரண்டு பரீட்சையிலும் தேறவில்லை. அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் நான் ஓடி வந்துவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நானும் வளைகுடாவுக்கு வந்துவிட்டேன்.

தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கிளார்க்காக இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். ஆங்கிலம் சுத்தமாக எழுதுவார். கேம்பில் எங்கள் அறைக்கு நாலு அறை தள்ளித்தான் இருந்தார். விடுமுறை நாளான ஒரு வெள்ளிக்கிழமை காலை டீயை வாங்கிக்கொண்டு அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ராணுவம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறிய மாதிரி இருந்தது.

"உங்கட ஆமிய நான் பள்ளிக்கூடம் போற வயசில கண்டிருக்கிறன், தம்பி," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய ஊரில் அமைதிப்படை என்று எங்கள் ராணுவம் இருந்த காலத்தை நான் யோசிக்கவே இல்லை. "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. வேற யாரையாச்சும் கேட்டுக்கிறேன்," என்று எழுந்தேன்.

"இருங்கோ. அது வேற கதை. அதைக் கதைக்கப் போனா உங்கட தேத்தண்ணி ஆறிப் போகும்." கையை நீட்டினார். "உங்களுக்கு அவையள் செய்தது பிழைதானே? பேப்பரைத் தாங்கோ, பாப்பம்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. அவருடைய வெள்ளிக்கிழமைகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அவர் கம்ப்யூட்டரில் அந்த ராணுவத்துக்கு 'மாண்புமிகு ஐயா' என்று தட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முதல் மனுவுக்குப் பதில் வர அடுத்த கோடை ஆகிவிட்டது. கோப்பில் பயிற்சியின்போது அடிபட்டதாகப் பதிவு எதுவும் இல்லை, கண்ணால் பார்த்தவர் இருந்தால் அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தையும் மனுதாரரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பவும். இதுதான் பதில். எழுதாமல் விட்டதைத்தானே நான் புகாராகச் சொல்கிறேன்? அதற்கு, எழுதப்படவில்லை என்பதையே பதிலாக அனுப்பியிருந்தார்கள்.

"கோவிச்சு வேலையில்ல. சாட்சி கேட்டிருக்கினம். இருக்கோ?" என்றார் கிளார்க்.

இருந்தான். சுவர்மேலிருந்து கை கொடுத்தவன். தேனிப் பக்கத்துக்காரன், பயிற்சியில் என் பக்கத்துக் கட்டில். அப்பா இறந்த பிறகு குடும்பத்தைப் பார்க்க ராணுவத்தை விட்டு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் ஊருக்குப் போன் போட்டு, அவன் அம்மாவிடம் பேசியதில், தோஹாவில் இருப்பதாகத் தெரிந்தது. நஜ்மாவில் ஒரு மளிகைக் கடையில் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். டெலிபோன் கார்டு வாங்கிக் கூப்பிட்டேன்.

குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டான். "பங்காளி, உசுரோடதான் இருக்கியா? கால் எப்படிடா இருக்கு?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"என் தம்பி அதே ரெஜிமென்ட்ல சேந்திருக்கான்டா. இப்பத்தான் ரெண்டு வருசம் ஆகுது."

"அதுக்கு?"

"உஸ்தாத் காயத்த மறைச்சாருன்னு நான் எழுதிக் குடுத்தா, அதுல என் பேரு, ஊரு எல்லாம் வரும்ல. இவன் யாரு தம்பின்னு அங்க பாக்க மாட்டாங்களா?"

"அவரு மேல கேஸ் போடல. நான் வுழுந்தேன்னு மட்டும் எழுது. நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்டா. இல்லங்கல. யோசிச்சுச் சொல்றேன்."

கார்டு தீர்ந்துவிட்டது. அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். நான் கூப்பிட்டால் டிரிப்பில் இருக்கிறான் என்று கடைக்காரர் சொல்வார். அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். தம்பிக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவன், எனக்கு ஏற்கெனவே ஆனதைப் பார்த்தவன்.

சரி, என் பத்திரத்தையாவது முடிப்போம் என்றால், அதில் துபாயில் உள்ள நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அசல் பாஸ்போர்ட் இல்லாமல் அது நடக்காது. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. அதை வைத்திருந்த ஆளிடம் போய்க் கேட்டால், "பாஸ்போர்ட் மாஃபி, கிடையாது. லீவுக்குப் போகும்போது கிடைக்கும்," என்றார்.

"கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்."

"கலாஸ், பேச்சு முடிந்தது. யல்லா, டியூட்டிக்குப் போ."

மூன்று முறை போனேன், மூன்று முறையும் இதே பேச்சு. கடைசியில் கிளார்க் எனக்கு ஜாமீனாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் பாஸ்போர்ட்டோடு திரும்பி வரவில்லை என்றால் அவருடைய லீவு நிற்கும். "ஓடிப் போயிடாதேங்கோ," என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு ஊர்ப் பேச்சு ஞாபகம் வந்து சிரிக்க வரவில்லை.

டியூட்டியை இன்னொருவனுக்கு மாற்றிவிட்டு, விடிகாலை டாக்சியில் நாலு பேரோடு நெருக்கி உட்கார்ந்து துபாய் போய்ச் சேர்ந்தால், வாசலில் பண்டிகை விடுமுறை என்று ஒட்டியிருந்தது. நம் ஊர்ப் பண்டிகை. கேம்பில் இருந்த எனக்கு அன்று பண்டிகை என்பதே தெரியவில்லை. அங்கே ஓர் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்து ஏமாந்து திரும்பிய வேறு சிலரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் என்ன வேலையாக வந்தாய் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு நாளுக்காக முதலிலிருந்து கெஞ்ச ஆரம்பித்தேன். இரண்டாவது முறை வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க, கவுன்டர் முன்னால் நின்ற நேரம் கொஞ்சம்தான்.

அந்தக் குளிர்காலத்தில், நான் எதிர்பார்க்காமல், தோஹாவிலிருந்து ஒரு உறை வந்தது. என் கூட்டாளி பத்திரம் எழுதி, முறையாக முத்திரை வாங்கி அனுப்பியிருந்தான். கிளார்க் படித்துத் தமிழில் சொன்னார். சுவர்ப் பக்கத்தில் இவர் தரையில் கிடந்ததைப் பார்த்தேன். எப்படி விழுந்தார் என்று எனக்குத் தெரியாது.

உடனே போய்க் கூப்பிட்டேன். அன்று கிடைத்தான்.

"நீதானடா மேல இருந்து கை குடுத்த. எப்படி வுழுந்தேன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் பங்காளி."

"அப்புறம் இன்னாத்துக்கு இப்படி எழுதின?"

"இதுவே ரெண்டு மாசம் யோசிச்சு எழுதுனதுடா. இதுக்கு மேல என்னால முடியாது. வேணாம்னா கிழிச்சுப் போட்டுரு." பிறகு, "தம்பிய நாந்தான் சேத்துவிட்டேன்," என்றான்.

எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. திட்டாமல் போனை வைத்துவிட்டேன். கிழிக்கவும் இல்லை. வேறு சாட்சி எனக்கு எங்கே இருக்கிறது? இரண்டு பத்திரங்களையும் சேர்த்து அனுப்பினோம்.

பதில் வருவதற்குள் நான் ஒருமுறை லீவில் ஊர் போய்த் திரும்பியிருந்தேன். என் கோரிக்கையை ஓரளவு ஏற்றிருந்தார்கள். திறமையான படைவீரன் ஆக வாய்ப்பில்லாதவர் என்ற வரி நீக்கப்படுகிறது. அதற்குப் பதில், மருத்துவக் காரணங்களால் விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்த உடல்நலக் குறைவு பணியால் ஏற்பட்டது என்று கொள்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை. சாட்சி, விழுந்ததை நேரில் கண்டதாகக் கூறவில்லை.

"பாதி வெண்டிட்டியள்," என்றார் கிளார்க். ஜெயித்ததை அவர் அப்படித்தான் சொல்வார்.

"பாதி எப்படிண்ணே? அப்ப என் முட்டி தானா உடைஞ்சதா?"

"எதிர்த்து எழுதலாம். எழுதுவமா?" என்றார். எழுதினோம். முந்தைய பதிலில் இருந்த அதே வாக்கியங்கள், வேறு தேதியோடு திரும்பி வந்தன.

காயத்தால் வந்தவன் என்று இருந்தால் எடுத்துக்கொள்வேன் என்ற மேலாளர் அதற்குள் வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். செக்யூரிட்டி வேலையையே வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே யாருக்கும் ராணுவக் காகிதம் தேவைப்படவில்லை. கிளார்க் கனடாவில் இருந்த அக்கா வழியாக விசா கிடைத்துப் போனார். ஏர்போர்ட்டுக்கு அவருடைய பெட்டியைத் தூக்கிப் போய் ஏற்றிவிட்டேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தபோது, "முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கோ, தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த லீவில் புதிய காகிதத்தை ஊருக்குக் கொண்டு போனேன். என் மனைவி அதைத் தன் தம்பியிடம் காட்டிப் படிக்கச் சொன்னாள். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். "ஓடி வந்தவன்னு சொன்னவங்க வாயெல்லாம் மூட வேணாமா?" என்றாள். மச்சான் எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தான்.

"அப்ப மிலிட்டரி கேன்டீன் கார்டு தருவாங்களா, மாமா?"

"தர மாட்டாங்க."

"வேற எதுனா?"

"ஒண்ணும் கிடையாது."

அவன் காகிதத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனான். அவள் அதை மடித்துப் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். கீழே உட்கார முடியாததால் எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தாள்.