தேதி இல்லாத பச்சை அட்டை

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டோடு எங்கள் வகுப்புக்குள் வந்தது செல்வராணி மிஸ் இல்லை, பெரிய மிஸ். பதிவேட்டைத் திறக்காமலே மேஜைமேல் வைத்தார். முந்தின நாள் சிதம்பரத்தில், வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது செல்வராணி மிஸ்ஸுக்கு மாரடைப்பு வந்து இறந்துவிட்டார் என்று சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப இன்னிக்கி வர மாட்டாங்களா மிஸ்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

இங்கே பிரேயரில் நிற்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் வருவார். குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, முதல் வேலையாகக் கரும்பலகையில் தேதி எழுதுவார். ஆறாம் வகுப்புக்கு மட்டும் தெரிந்தது அவருடைய பிஸ்கட் டின்.

அந்த டின்னில் எங்கள் அட்டைகள் இருந்தன. வெயிலுக்கு மஞ்சள், மழைக்குப் பச்சை, பனிக்கு வெள்ளை. அந்தப் பருவம் முடிவதற்குள் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். செய்து முடித்ததும், அதைப் பார்த்த ஒருவர் கீழே சாட்சிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

மஞ்சள் அட்டையில் நான், பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்பேன் என்று எழுதினேன். மிஸ் படித்துவிட்டுச் சிரித்தார். "இது உனக்குப் போன வருஷமே தெரியுமே. முடிச்சத எழுதுனா அது இலக்கு இல்லம்மா, வரலாறு. வரலாறு பீரியடு மத்தியானம்தான்."

அவரும் எங்களோடு அட்டை எழுதுவார். மழைக்காலத்தில், கோபம் வந்தால் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் பேசுவேன் என்று எழுதினார். வகுப்பு முழுக்கச் சாட்சி. அவர் முகம் சிவந்தால் பையன்கள் கூடவே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். "அஞ்சு, ஆறு... டேய், ஏழுக்கு மேல தாங்காதுடா" என்று ஒருவன் சொல்வான். ஏழிலேயே திட்டு விழும். பருவம் முடிந்த அன்று மிஸ் தன் அட்டையில், "முடியவில்லை. ஏழு வரைதான்" என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டினார்.

அதே நாளில்தான் நான் பொய் சொன்னேன்.

என் பச்சை அட்டையில், எழுந்து நின்று ஒரு பக்கம் முழுவதும் சத்தமாக வாசிப்பேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். போன ஆண்டு விழாவுக்கு முன்னால் அம்மாவே பள்ளிக்கு வந்து, "அவ பயந்துருவா, வேற புள்ளைக்குக் குடுத்துருங்க" என்று எனக்குக் கொடுத்திருந்த பேச்சை வேறொருத்திக்கு மாற்றிவிட்டாள். மழை முடிந்தும் நான் வாசிக்கவில்லை. பக்கத்தில் உட்காரும் ரோஸ்லின், "வீட்ல வாசிச்சேன்னு சொல்லுடி. நான் கேட்டேன்னு போட்டுடறேன்" என்று கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தாள்.

மிஸ் அட்டையைப் பார்த்தார். "எங்க கேட்ட ரோஸ்லின்?"

"இவ வீட்ல மிஸ். மழ லீவுல."

"நீ இருக்கறது முதுநகர். இவ வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம். லீவு முழுக்க ரோட்டுல முட்டி வரைக்கும் தண்ணி. நீந்திப் போனியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அட்டையைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தேதியை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார். "சாட்சி இருக்கட்டும். வாசிக்கிற அன்னிக்கி அவளே தேதி போடட்டும். மழ போனா போவட்டும், அட்ட கெட்டுப்போவாது."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாசிக்க ஆள் கூப்பிடும்போது மட்டும் எங்கள் பெஞ்சருகே ஒரு நொடி நிற்பார். நான் குனிந்துகொள்வேன். அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். ஒரு தடவையாவது நிமிர்ந்திருக்கலாம்.

பெரிய மிஸ் நேற்று டின்னைத் திறந்து அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பிரேயரில் மிஸ்ஸைப் பற்றி எழுதி வாசிப்பது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். ரோஸ்லின் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. பாதியிலயே அழுதுருவ." நான் உட்காரவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுபடி பள்ளிக்கு வந்துவிடுவாள். அவள் தூங்கின பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதினேன்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று இருப்பது இரண்டுதான். எங்கள் பெஞ்சருகே அவர் நின்ற அந்த ஒரு நொடி. இந்தத் தாளுக்கு அடியில் நான் பிடித்திருக்கும் பச்சை அட்டை. பொடி எழுத்தில் நெருக்கி எழுதி, சரியாக ஒரு பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டேன். இந்தக் கடைசி வரி உங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருந்தால், ரோஸ்லின், பேனாவை எடு.